மர்ஜோஹான் கை தூக்கிய அறுபத்தாறாவது நிமிடம்

மர்ஜோஹான் தண்ணீர்க் குழாயைச் சுற்றி ஒரு ஈரத் துண்டைப் போட்டு, இரண்டு முனைகளையும் வலது கையில் சேர்த்துப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். இருபது முறை முறுக்க வேண்டும். பதிமூன்றிலேயே விரல்கள் தளர்ந்தன. இடது கை உதவிக்கு வந்தது. நான் அதைத் தட்டிவிட்டேன்.

"நீ நர்ஸா, போலீஸா?" என்றார்.

"பதினாலு," என்றேன்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. லேசானதுதான். கோணிய வாய் பத்து நாளில் நேரானது, நடையும் திரும்பிவிட்டது. கைதான் பின்தங்கியது. வெளிநாட்டில் பன்னிரண்டு வருடம் முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, நடக்க வைத்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். இப்போது இங்கே ஆறு வீடுகளுக்குப் போகிறேன். முதல் வீடு இவருடையது. என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் ஊடா என்று கூப்பிடுவேன்; எங்கள் பேச்சில் அண்ணன் ஊடா, அக்கா ஊனி. அவருக்கு எழுபத்து நான்கு.

இளவயதில் நெல் ஆலையில் மூட்டை தூக்கினார். கூட வேலை செய்தவர்களின் முதுகையும் தோளையும் நீவி நீவியே அவருக்குக் கை பழகியது. சுளுக்கு, பிசகு என்றால் ஆலைக்குத்தான் ஆள் வரும். சினாமார் ஆற்றோரத்து எங்கள் ஊர்க் கால்பந்து அணியும் அப்படித்தான் அவரைக் கண்டுபிடித்தது. ஆறு வருடம் அணியோடு போனார். கையில் ஒரு வாளி, அதில் ஐஸும் பஞ்சும். இடுப்பில் தைலப் புட்டி. யாராவது விழுந்தால் ஓடுவார். எங்கள் வழக்கப்படி மனைவி வீட்டில் வாழ்ந்தவர், மனைவி இறந்த பிறகு தாய்வீட்டுக்குத் திரும்பி, அக்கா மகளின் முன்னறையில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். மாத்திரையைக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு விழுங்கியதாகச் சொல்வார்.

இதற்கெல்லாம் ஊரில் அவருக்குப் பெயர் இல்லை. ஊர் அவருக்கு வைத்த பெயர் கைதூக்கி.

தொண்ணூற்றொன்றாம் வருடம் எங்கள் அணி மாகாணக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு மாகாணத் தலைநகர் பாடாங்குக்குப் போனது. அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. கோல் ஏதும் விழாமல் அறுபத்தாறாவது நிமிடம் வரை போயிற்று. எங்கள் முன்னணி ஆட்டக்காரன் ஷாஃப்னில், பந்தைத் தலையால் முட்டப் போய் எதிரணிக்காரனின் தலையில் மோதி விழுந்தான். மர்ஜோஹான் வாளியோடு ஓடினார், குனிந்து பேசினார், எழுந்து பயிற்சியாளரைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். ஆளை மாற்று என்று அர்த்தம். ஷாஃப்னிலுக்குப் பதிலாக எட்வர்மான் உள்ளே போனான். காலியாகக் கிடந்த கோலுக்கு வெளியே பந்தை அடித்தான். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அணி அவரைக் கூப்பிடவில்லை. சுளுக்குக்காரர்களும் இரண்டு மூன்று வருடம் வேறு ஊருக்குப் போனார்கள்.

யூஸ்மனியார் என்ற பெண் நடத்தும் காபிக்கடையில் இந்த ஆட்டம் முப்பத்து மூன்று வருடமாக முடியவில்லை. ஆண்கள் சாயங்காலத் தொழுகை வரை டோமினோ கட்டைகளை மேசையில் அறைந்துகொண்டு பேசுவார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு: கேலிக்குக் கேலிதான் பதில், முகம் சிவந்தவன் தோற்றான். மர்ஜோஹான் தினமும் போவார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரைத் தனியாக நடக்க விட முடியாது என்பதால் நானும் போவேன். பெண்கள் அந்த பெஞ்சுகளில் உட்காருவதில்லை. நான் யூஸ்மனியார் வாழைப்பழம் பொரிக்கும் அடுப்போரமாக ஒரு முக்காலியில் இருப்பேன்.

"எட்வர்மான் அதைத் தொட்டிருந்தா போதும். கோல்கீப்பர் மண்ணுல கெடந்தான். ஒரு கோழிகூட உள்ள தள்ளியிருக்கும்," என்பார் பள்ளிக்கூடக் குமாஸ்தாவாக இருந்த இல்யாஸ்.

"கோழிக்கு ஆஃப்சைடு குடுத்திருப்பான் அந்த லைன்ஸ்மன்," என்பார் லாரி ஓட்டிய சுல்பஹ்ரி. "ஆமா, எட்வர்மானை உள்ள விட்டது யாரு? கோச்சு. கோச்சு ஏன் விட்டாரு? நம்ம பெரியவர் ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்குனாரு."

"அன்னிக்கு அக்குள் வேர்த்துச்சுப்பா. காத்தாடத் தூக்குனேன்," என்பார் மர்ஜோஹான்.

சிரிப்பார்கள். முட்டை அடித்துக் கலந்த டீ வரும். மறுநாள் மறுபடியும் அதே.

இந்த முறை நோன்புப் பெருநாளுக்கு ஷாஃப்னில் ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்தான். அங்கே அவனுக்கு மூன்று சாப்பாட்டுக் கடை. ஒன்பது வருடம் கழித்து வந்திருக்கிறான். பெருநாளுக்கு மறுநாள் காலை நான் போனபோது மர்ஜோஹான் துண்டைத் தொடவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு அவன் கடைக்கு வருவான்," என்றார்.

"வரட்டும். கையை நீட்டுங்க."

"அஸ்னி, எனக்கு மறுபடி ஒரு தடவை இது வந்தா பேச்சு போயிடுமா?"

"போகலாம். மாத்திரையை ஒழுங்காப் போட்டா வராமலும் இருக்கலாம்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். அன்று மைதானத்தில் குனிந்தபோது ஷாஃப்னில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டானாம். 'ஊடா, என்னை வெளிய எடுத்துடுங்க. பந்து ரெண்டாத் தெரியுது. நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க, அப்பா மேல கேலரியில உக்காந்திருக்காரு.' இவர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"இருபத்து மூணு வயசுப் பையன். அவங்கப்பா போய்ச் சேர்ந்தே இருபது வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது, ஊடா மேல தப்பில்லன்னு அவன் சொல்வான்னு பார்த்தேன். போன தடவை வந்தப்ப அவனும் சேர்ந்து சிரிச்சான். வாய் இருக்கறப்பவே இன்னிக்கு நான் சொல்லிடப் போறேன்."

"அவனுக்கு அது ஞாபகம் இருக்கா?"

"முழு ஆட்டத்தையும் நிமிஷக் கணக்குல சொல்றான். ஞாபகம் இல்லாமயா?"

இரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்று ஐம்பத்தாறு. அன்று கடைக்குப் போக வேண்டாம் என்றேன். நாலு மணிக்கு எனக்கு முன்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஷாஃப்னில் எல்லோரையும் கட்டிக்கொண்டான். தலை பாதி நரைத்து, வயிறு வைத்திருந்தான். யூஸ்மனியார் ஒரு தட்டு பொரித்த வாழைப்பழமும் பசையரிசிச் சோறும் கொண்டுபோய் வைத்தாள். சுவரில் அந்த வருடத்து அணியின் படம் தொங்கியது, எல்லோரும் சிவப்புச் சட்டையில். பேச்சு தானாகவே அங்கே போயிற்று.

"நீ உள்ள இருந்திருந்தா எத்தனை போட்டிருப்பே?" என்று இல்யாஸ் எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு. குறைச்சுச் சொல்றேன்," என்றான் ஷாஃப்னில். "எனக்கு ஒண்ணுமே இல்லண்ணே, சும்மா ஒரு இடி. எந்திரிச்சு நின்னேன். பார்த்தா நம்ம ஊடா ஏதோ பஸ்ஸை நிறுத்தற மாதிரி கையை ஆட்டிட்டு இருக்காரு."

"பஸ்ஸு நின்னுச்சு. கப்புதான் ஏறல," என்றார் சுல்பஹ்ரி.

கடை முழுக்கச் சிரித்தது. மர்ஜோஹானின் முறை. எல்லோரும் அவர் பக்கம் திரும்பி, ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

"நீதான் கேட்டே," என்றார் அவர். "பந்து ரெண்டாத் தெரியுது, வெளிய எடுங்கன்னு நீதான் என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டே. அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னே. முப்பத்து மூணு வருஷம் வாயைத் திறக்கல நான்."

முகம் சிவந்திருந்தது. கடைச் சட்டப்படி அவர் தோற்றுவிட்டார். யாரும் அவரை நேராகப் பார்க்கவில்லை.

ஷாஃப்னில் சிரிக்க முயன்று விட்டுவிட்டான். "ஊடா, நான் அப்படிச் சொல்லவே இல்ல. அல்லா மேல ஆணையா சொல்லல."

அவன் முகத்தைப் பார்த்தேன். மருந்து விழுங்கினேன் என்று பொய் சொல்லும் முகங்களை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். இது அந்த முகம் இல்லை.

"தம்பி," என்றேன் அடுப்போரத்திலிருந்து. "இடைவேளையில என்ன நடந்துச்சு?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நான் அங்கே பேசுவதில்லை.

"கோச்சு திட்டுனாரு, ஊனி. டீ குடிச்சோம். வெளிய வந்தோம்."

"ரெண்டாவது பாதியில என்ன சட்டை போட்டிருந்தே?" கடைப் பேச்சில் வராத ஒரு சின்ன விஷயமாகப் பார்த்துக் கேட்டேன்.

"இதென்ன கேள்வி? சிவப்புதான். எப்பவும் சிவப்பு." சுவரிலிருந்த படத்தைக் காட்டினான்.

சுல்பஹ்ரி கையிலிருந்த கட்டையை மேசையில் வைத்தார். அன்று நாற்பது பேரை லாரியில் ஏற்றிப் பாடாங்குக்குப் போனவர் அவர். "வெள்ளை," என்றார்.

"என்ன வெள்ளை?"

"மழை பெஞ்சு சட்டை நனைஞ்சு, அவங்க சிவப்பும் நம்ம சிவப்பும் ஒண்ணாயிடுச்சு. ரெஃப்ரி மாத்தச் சொல்லிட்டான். பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல கடன் வாங்கிட்டு வந்தாங்க. நம்பரே இல்லாத வெள்ளைச் சட்டை. உனக்கு இறுக்கமா இருந்துச்சு, தொப்புள் தெரிஞ்சுது. நாங்க மேல இருந்து கத்துனோம்."

"அக்குள்ல கத்திரிக்கோல் வெச்சுக் கிழிச்சு விட்டது நான்தான்," என்றார் மர்ஜோஹான்.

ஷாஃப்னில் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் பலமாக அடிபட்டவனுக்கு அடிக்கு முன்னால் கொஞ்ச நேரமும் பின்னால் பல மணி நேரமும் பதியாமலே போகும், திரும்பியும் வராது, அது அவன் குற்றமில்லை என்று நான் சொன்னேன். எழுந்து நின்றது, கையை ஆட்டியதைப் பார்த்தது எல்லாம் இந்தக் கடையில் கேட்டுக் கேட்டுச் சேர்ந்தவை. ஊடாவும் பொய் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை என்றேன்.

"திரும்பி வர்றப்ப டீம் பஸ்ஸுல வாந்தி எடுத்தான்," என்று இல்யாஸ் மெதுவாகச் சொன்னார். "என் செருப்பு மேல. தோத்த துக்கம்னு நெனைச்சேன்."

சுல்பஹ்ரி கட்டையை மறுபடி கையில் எடுத்தார்.

"அப்போ தப்பு சட்டையோடது. நம்பர் இல்லாத சட்டையில எவன் எவனுக்குப் பந்து குடுப்பான்? ரெஃப்ரி மட்டும் சட்டையை மாத்தச் சொல்லலேன்னா..."

"உங்க லாரி சீக்கிரம் போய்ச் சேர்ந்திருந்தா கடைக்குப் போய் மாத்துச் சட்டை வாங்கியிருக்கலாம்," என்றார் இல்யாஸ். "வழியில லுபுக் ஆலுங்ல நிறுத்தி ரெண்டு தட்டு சோறு தின்னது யாரு?"

"மூணு தட்டு," என்றார் மர்ஜோஹான்.

ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. ஷாஃப்னில் மட்டும் சேரவில்லை. முட்டை டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். திரும்பி நடக்கையில் மர்ஜோஹான் என்னிடம், "கோவிச்சுட்டானா?" என்று இரண்டு முறை கேட்டார். தெரியாது என்றேன். எனக்குத் தெரியவும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது முன்னறையில் ஷாஃப்னில் இருந்தான். ஜகார்த்தாவுக்குப் பத்து மணிக்குக் கிளம்ப வேண்டியவன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். அக்கா மகள் காபி வைத்திருந்தாள்.

"எனக்கு அது இல்லாமப் போச்சு, ஊடா. நீங்க பக்கத்துல இருந்து பார்த்தீங்க. இடைவேளையிலேருந்து சொல்லுங்க," என்றான்.

"எல்லாமா?"

"எல்லாம்."

மர்ஜோஹான் மாத்திரையை என் கண் முன்னாலேயே விழுங்கினார். சட்டை மாற்றியதிலிருந்து ஆரம்பித்தார். இடது பக்கக் கோட்டில் தேங்கிய தண்ணீர், முதல் த்ரோ, இவன் காலுக்கு வந்த முதல் பந்து. ஷாஃப்னில் இடையிடையே கேட்டான்.

"நான் நல்லா ஆடினேனா?"

"சுமார். ரெண்டு தடவை பந்தை எதிராளி காலுக்கே குடுத்தே."

நான் இரத்த அழுத்தம் பார்த்தேன், நூற்று நாற்பத்து நான்கு. இப்போதும் தலைவலி வருகிறதா என்று ஷாஃப்னிலிடம் கேட்டேன். வரும் என்றான். ஜகார்த்தாவில் எந்த மாதிரி மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எட்டரைக்கு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன். அப்போது அவர்கள் ஆட்டத்தின் ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் இருந்தார்கள்.