குதிரோட அடியில ஒரு கொட்டாங்கச்சி நெல்லு

அத்த வுடுடி அஞ்சல, பரிமளா மருமவ கதைய அப்பறம் பேசலாம், மொதல்ல இத்த மோந்து பாரு. எங்கம்மா வூட்டு கொட்டாங்கச்சிதான், பரண காலி பண்ணசொல்ல கெடச்சுது. இன்னும் நொச்சி வாசன அடிக்குது பாரு!

அங்க குதிர்ல நெல்லு அடிக்கு போச்சின்னா, என்னத்தான் இடுப்புல துணி கட்டி உள்ள எறக்குவாங்க. அவ்ளோ ஒல்லியா இருந்தேன், நம்புவியா? உள்ள ஒரே இருட்டு, மண்ணு சில்லுனு இருக்கும், பூச்சி புடிக்காம போட்ட நொச்சித்தழ வாசன மூக்க அடைக்கும், நான் இந்த கொட்டாங்கச்சியால மொண்டு மொண்டு கூடையில போட்டுக்கினே பாடுவேன், பத்து பேரு கூட பாடற மாரி கேக்கும். மேலருந்து எங்கம்மா, "வழிச்சி எடுத்துடாதடி, ஒரு கொட்டாங்கச்சி நெல்லு அங்கயே கெடக்கட்டும், அத்த தேடிக்கினுதான் அடுத்த வெள்ளாம வூட்டுக்கு வரும்"னு கத்தும். காவாந்தண்டலத்துல இப்போ அந்த வூடே இல்ல, கல்லு நட்டு மனை போட்டுட்டாங்க.

இந்த வூட்டையும் வித்தாச்சி, விடிஞ்சா கெளம்பணும். எம்புள்ள மாடி வூட்டுக்கு ஒரே மூட்டதான் கொண்டாரணும்னுட்டான். இத்த எடுத்துக்கினு போயி அங்க எத்த மொள்றது? சரி, ஒரு புடி நெல்லு போட்டு இங்கயே மூலையில வெச்சிட்டு போலாம்னா, வாங்கனவன் திங்கக்கெழம இடிக்கப் போறானாம். இடிக்கிற வூட்ட எந்த வெள்ளாமடி தேடிக்கினு வரும்?

இரு, கொழாயில தண்ணி வந்துட்ச்சி. கொடத்த வெச்சிட்டு வரேன். நாளைக்கு யாரு குடிக்கப் போறாங்கன்னு மட்டும் கேக்காத.