பத்து மணி டீ

பீங்கான் டீபாட்டில் போட்ட தேயிலை எத்தனை நேரம் ஊற வேண்டும்?

போன வருஷம் சேலையூரில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் தனசிங் சார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடமும் கேட்டார். போனில் தேடிப் பார்த்து மூன்று நிமிஷம் என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும், அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பது மட்டும் புரிந்தது. அவருக்குப் பதில் கிடைத்த கதை இது. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

தனசிங்குக்கு அறுபத்து நான்கு வயது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் முப்பத்து மூன்று வருஷம் உதவியாளராக இருந்தவர். பியூரெட் குழாயிலிருந்து ஒரு சொட்டு அதிகமாக விழுந்துவிட்டால், "மறுபடியும் மொதல்லேர்ந்து செய்ப்பா" என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை புராட்டஸ்டன்ட் சபையில் முதல் பெஞ்சில் உட்காருவார். எதிலும் அளவு, எதிலும் ஒழுங்கு.

அவர் மனைவி ரோஸி பல்லாவரத்துக் கத்தோலிக்கப் பெண். கல்யாணம் பேசும்போது தனசிங்கின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பெண் நம் சபைக்கு வந்துவிட வேண்டும், ஜெபமாலை, மாதா படம் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. ரோஸி சரி என்றாள். ஜெபமாலையை அக்கா ஞானம்மாளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் கையோடு கொண்டுவந்தது ஒரு பழைய டீபாட் மட்டும்தான்.

வெள்ளைப் பீங்கான். வயிற்றைச் சுற்றி ஒரு நீலக் கோடு. மூக்கின் நுனியில் அரிசி அளவுக்கு உடைசல். ரோஸியின் அம்மா தாம்பரம் ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்குச் சமைத்தவர். அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது கட்டிலை விற்றார்கள், பீரோவை விற்றார்கள், டீபாட்டைச் சமையற்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த டீபாட்டில் முப்பத்தோரு வருஷம், தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, ரோஸி டீ போட்டாள்.

தனசிங்குக்கு அந்த நாலு மணியை நினைத்தாலே இன்றைக்கும் வாசனை வரும். முதலில் வெந்நீரை ஊற்றி, டீபாட்டை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றிக் கொட்டுவாள். "குளிரு விட்டுப் போகட்டும் அதுக்கு" என்பாள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி. பிறகு கோத்தகிரி இலைத்தேயிலை, ஆளுக்கு ஒரு ஸ்பூன், டீபாட்டின் பங்குக்கு ஒன்று. தளதளவென்று கொதிக்கிற தண்ணீர். மூடி. மூடிக்கு மேல் அவளே கம்பளி நூலில் பின்னிய சிவப்புக் குல்லா. அதன்பின் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். ஒரு கை குல்லாவின் மேல் இருக்கும். இன்னொரு கை முந்தானைக்குள் இருக்கும். உதடு மட்டும் லேசாக அசையும். அந்த நேரத்தில் ஹாலிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் வராது. நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கிறாள் போல என்று விட்டுவிடுவார்.

அப்புறம் டீ வரும். பழுத்த தேன் நிறம். பால் தனியாக, சின்ன ஜாடியில். கப்பில் ஊற்றும்போது நீலக் கோட்டுக்குக் கீழே ஒரு சொட்டு வழியும், அதை விரலால் துடைத்துக்கொள்வாள். "மொதல் கப்பு தாகத்துக்கு, ரெண்டாவதுதான் டீ" என்பது அவள் வழக்கம். அந்த இரண்டாவது கப்பில்தான் வீட்டின் எல்லா முடிவுகளும் எடுக்கப்பட்டன. மகன் ஆபேலை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, மாடி கட்டுவதா, யார் கல்யாணத்துக்கு யார் போவது, எல்லாம்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் கேட்டார். "எவ்ளோ நேரம் ஊறணும் ரோஸி?"

"பத்து மணி" என்றாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐந்து. "ராத்திரி பத்து மணிக்கா டீ குடிக்கப் போறோம்?"

ரோஸி விழுந்து விழுந்து சிரித்தாள். விளக்கம் சொல்லவில்லை. மறுநாள் லேபில் அவர் இதை எல்லோரிடமும் சொன்னார். அதன்பின் வருஷா வருஷம் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். "எங்க வூட்டம்மாவுக்கு மணி பாக்கத் தெரியாதுப்பா. நாலு மணி டீ பத்து மணிக்குத்தான் ரெடியாகும்." மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வரைக்கும் அந்த ஜோக் பிரபலம். அவரைப் பார்த்தால், "சார், டீ ரெடியா?" என்று கேட்பார்கள்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ரோஸி இதய நோயில் இறந்துபோனாள்.

மறைமலை நகரில் கார் கம்பெனியில் வேலை செய்கிற ஆபேல், அப்பாவுக்கு ஒரு மின்சாரக் கெட்டிலும் நூல் கட்டிய தேயிலைப் பைகளும் வாங்கி வந்தான். "அப்பா, சிம்பிள். தண்ணி காஞ்சதும் இதப் போட்டு முக்கி எடுங்க."

"முக்கி எடுக்க அது என்ன பஜ்ஜியா?" என்றார் தனசிங்.

ஆனால் சிரிக்கவில்லை. அலமாரியில் ரோஸி கடைசியாக நிரப்பி வைத்த தேயிலை டின் இருந்தது. திறந்தால் அவள் கை அளந்து எடுத்த பள்ளம் அப்படியே தெரிந்தது. ஆறு தடவைக்கு வரும் என்று கணக்குப் போட்டார். அதே தேயிலையைக் கடையில் வாங்கலாம். ஆனால் அது அவள் நிரப்பிய டின் ஆகாது. இந்த டின் தீருவதற்குள் ஒரு முறையாவது அவளுடைய டீயைக் குடித்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

ஆசைப்பட்டால் போதுமா? அவள் உதடு அசைந்தது ஜெபத்துக்காகத்தான் இருக்கும் என்று இப்போது தோன்றியது. முதல் தடவை பரமண்டல ஜெபத்தை இரண்டு முறை சொல்லிவிட்டு ஊற்றினார். தினமும் அவரோடு நடக்க வருகிற பக்கத்து வீட்டுத் துளசிங்கம், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? டீ கழுவுன தண்ணியா?"

இரண்டாவது தடவை ஸ்டாப் வாட்ச் வைத்தார். மூன்று நிமிஷம். மூன்றாவது தடவை ஐந்து. நான்காவது தடவை தண்ணீருக்குள் தெர்மாமீட்டரே விட்டார். ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷத்துக்கு ஒரு முறை குல்லாவைக் கழற்றி, மூடியைத் திறந்து, நிறம் பார்த்து, நோட்டில் எழுதினார். ஒரு தடவை சப்பென்று ஆறிப்போயிருந்தது. ஒரு தடவை கசந்தது. துளசிங்கத்தால் பொறுக்க முடியவில்லை.

"சும்மா சும்மா இன்னாத்துக்கு அத்தத் தொறந்து பாத்துகினு கீற? உள்ள முட்டையா கீது, குஞ்சு வந்துச்சான்னு பாக்க?"

"நிறம் தெரிய வேணாமா துளசி?"

"உன் டீய குடிக்கிறதுக்கு முன்னாடி நான் மலையேறி ரங்கநாதரப் பாத்து ஒரு வேண்டுதல் வெச்சிட்டு வர்றேன் சார்."

ஐந்தாவது தடவையும் வீணாகிப்போனது. டின்னில் கடைசித் தடவைக்கு மட்டும் தேயிலை மிச்சம். அதை மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார். ஒரு மாதம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் நாலு மணியானால் வீட்டில் இருக்க முடியாமல் கேம்ப் ரோடு வரைக்கும் நடந்துவிட்டு வருவார்.

ஞானம்மாள் வந்தது அப்போதுதான். பொத்தேரியில் மகள் வீட்டில் இருக்கிறவர். முட்டிவலியோடு ரயிலேறி, தங்கை புருஷன் சாப்பிடுகிறாரா இல்லையா என்று பார்க்க, வஞ்சிர மீன் குழம்புடன் வந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு டீயில் வந்து நின்றது. தனசிங் தன் ஐந்து தோல்விகளையும் நோட்டைப் பார்த்து வாசித்தார். கடைசியில் அந்தப் பழைய ஜோக்கையும் சொன்னார்.

ஞானம்மாள் சிரிக்கவில்லை.

"பத்து மணின்னா சொன்னா?"

"ஆமாக்கா. கடிகாரத்துல நாலு ஆவுது, இவ பத்து மணிங்கிறா."

ஞானம்மாள் கைப்பையைத் திறந்தார். ஜெபமாலையை எடுத்து மேஜைமேல் வைத்தார். முப்பத்தோரு வருஷம் அந்த வீட்டுக்குள் வராத பொருள்.

"கடிகாரத்து மணி இல்ல தம்பி. இந்த மணி." விரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிக் காட்டினார். "எங்கம்மா வேல செஞ்ச வூட்டு அடுப்பங்கரைல கடிகாரம் கிடையாது. டீ சரியா இல்லேன்னா அந்த வூட்டுக்காரம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கும். அதனால அம்மா ஒரு பத்து மணி சொல்லும். பெரிய மணிக்கு ஒரு பரலோக மந்திரம், உங்க பரமண்டல ஜெபம்தான். சின்ன மணி பத்துக்கும் பத்து மங்கள வார்த்தை, மாதா ஜெபம். முடிஞ்சதும் ஊத்தும். நாங்க ரெண்டு பேரும் அதப் பாத்துத்தான் கத்துக்கினோம்."

தனசிங்குக்கு ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற முதுகு ஞாபகம் வந்தது. முந்தானைக்குள் இருந்த கை ஞாபகம் வந்தது.

"ஜெபமாலைய விட்டுட்டு வந்துட்டான்னு நெனச்சேன்" என்றார்.

"மாலையத்தான் விட்டா. வெரல் பத்தும் அவகிட்டதானே இருந்துச்சு?"

தனசிங் கேட்டார். "என்கிட்ட ஏன்கா சொல்லல?"

"சொன்னாளே. நீங்கதானே கடிகாரத்தப் பாத்தீங்க?"

தனசிங் எழுந்து அலமாரியிலிருந்து டின்னை எடுத்தார். திறந்து உள்ளே பார்த்துவிட்டுத் தயங்கினார். "இத இப்படியே ஞாபகத்துக்கு வெச்சிடலாமான்னு..."

"வெச்சி? பூப்போட்டு சாமி கும்புடுவீங்களா? உங்க சபையில அதுவும் கூடாதே. குடுங்க இப்டி."

தண்ணீர் கொதித்தது. டீபாட்டின் குளிரைப் போக்கினார்கள். கடைசித் தேயிலை உள்ளே போனது. மூடி, குல்லா. "நீங்க சொல்லுங்கக்கா" என்று தனசிங் நகர்ந்து நின்றார்.

"நான் சொன்னா அது என் டீ. உங்களுக்கு யாரு டீ வேணும்?"

முதல் பெஞ்சில் உட்காருகிறவர் அவர். மாதாவிடம் ஜெபிக்கிறது தப்பு என்று அப்பா மடியில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர். அந்தச் சமையலறையில் நின்றுகொண்டு அவர் கொஞ்சம் வியர்த்தார். பிறகு, "எனக்கு வார்த்தை தெரியாது. நீங்க சொல்லச் சொல்ல நான் சொல்றேன்" என்றார். உடனே லேப் புத்தி குறுக்கே வந்தது. "ஆனா ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னா நேரம் டபுள் ஆயிடுமேக்கா. கசந்துடும்."

"அப்ப அஞ்சு மணி போதும். கணக்கு சரியாப் போச்சா வாத்தியாரே?"

ஞானம்மாள் சொல்ல, தனசிங் திருப்பிச் சொன்னார். ஒரு கையைக் குல்லாவின் மேல் வைத்திருந்தார், இன்னொரு கை மணியைத் தள்ளிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்க்க அவருக்கு மூன்றாவது கை இல்லை. மூன்றாவது மணியில், "சார், நடக்க வரலியா?" என்று வாசலில் துளசிங்கம் குரல் கேட்டது. தனசிங் பதில் சொல்லவில்லை.

ஊற்றினார். பழுத்த தேன் நிறம். நீலக் கோட்டுக்குக் கீழே ஒரு சொட்டு வழிந்தது. துளசிங்கம் உள்ளே வந்து ஒரு வாய் குடித்தார். வழக்கமான கிண்டலுக்கு வாயைத் திறந்தவர், "ரோஸிம்மா போட்டா மாரியே கீது சார்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டாவது கப் குடிக்கும்போது தனசிங் கேட்டார். "அவளுக்கு வருத்தம் இருந்துச்சாக்கா? என்னோட வந்ததுல?"

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாளாவது டீ கசந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அந்தப் பதில் அவருக்குப் பாதி ஆறுதல். மீதிப் பாதிக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாள் கடைக்குப் போய்ப் புதுத் தேயிலை வாங்கி டின்னை நிரப்பினார். பிறகு போனை எடுத்தார். லேபில் கூட வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "நான் ஒரு ஜோக் சொல்லுவேனே, ஞாபகமிருக்கா? அது தப்பு. மணி பாக்கத் தெரியாதது அவ இல்ல, நான்தான்." சிலர் புரியாமல் சிரித்தார்கள். ஒருவர் அழுதுவிட்டார். ஆபேலிடம் நேரிலேயே சொன்னார்.

ஆனால் அத்தனை வருஷத்து மாணவர்களை எங்கே தேடுவது? யார் எந்த ஊரில், எந்த நாட்டில் இருக்கிறார்களோ. அவர்கள் எல்லோரும் ரோஸியை மணி தெரியாத பெண்ணாகத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் தனசிங் சாரை இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். தாம்பரத்தில் கெமிஸ்ட்ரி படித்த யாரையாவது நீங்கள் சந்தித்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்படி யாரும் தெரியாது என்றாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும். கை மாறிக் கை மாறி, அந்த ஜோக் போய்ச் சேர்ந்த இடத்துக்கெல்லாம் இதுவும் போய்ச் சேர வேண்டும்.