பெட்டிக்காரர் அளவெடுக்கும் காட்சி

1. மேலேயும் கீழேயும் ஒரே பெயர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் லோக்கல் சேனல் ஆபீசில் போன் அடித்தால் அது புகாராகத்தான் இருக்கும். சத்தம் வரவில்லை, படம் நின்று நின்று வருகிறது, கரண்ட் போய்விட்டது என்று எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் திட்டுவார்கள். கரண்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

அன்றைக்குப் போன் செய்தவர் திட்டவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"மல்லிகாக்கா, டிவியைப் பாத்தீங்களா? மேல பெட்டிக்காரரு ஒரு ஆளை அளக்குறாரு. கீழ அதே ஆளு செத்துட்டாருன்னு எழுத்து ஓடுது."

திரும்பி மானிட்டரைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். கீழே ஓடிய மரண அறிவிப்பைக் காலையில் டைப் செய்தவளே நான்தான். ஆவூர்ப் பக்கத்துக் கொத்தனார் அருளாந்து, அதிகாலையில் நெஞ்சுவலி, மாலை அடக்கம். மேலே ஓடிய படத்துக்கு நாங்கள் குரல் கொடுத்தது வியாழக்கிழமை. அதில் பெட்டிக்காரர் டேப்பை நீட்டிக்கொண்டு சொல்கிறார்: "நம்ம கொத்தனார் அருளாந்துதானே? அசையாம நில்லுய்யா. அஞ்சடி நாலங்குலம். எடது தோளு கொஞ்சம் எறக்கம்."

சே, என்ன நேரத்தில் என்ன வந்து தொலைகிறது என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்போது எனக்கு வந்தது கூச்சம்தான், பயம் இல்லை.

2. எங்கள் கௌபாய் காமெடி

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கீரனூரில் எங்கள் சேனலுக்கு ஞாயிறு மத்தியானப் படம்தான் உயிர். புதுப் படம் போட ரைட்ஸ் கிடையாது. ஓனர் கண்ணன் ஒருநாள் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அக்கா, எல்லாம் அந்தக் காலத்து இங்கிலீசு கௌபாய் காமெடி. கருப்பு வெள்ளை. ரைட்ஸ் காலமெல்லாம் முடிஞ்சு போச்சு, எவனும் கேக்க மாட்டான். நீங்களும் சாரும் தமிழ்ல பேசி விடுங்க."

சார் என்றால் சவரிமுத்து சார். ஆவூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல். படத்தில் ஆண்கள் எல்லாருக்கும் அவர் பேசுவார். பெண்கள் எல்லாருக்கும் நான். குதிரைக்கும் நான்தான், சம்பளத்தில் சேர்க்காமல்.

ஸ்கிரிப்ட் என்று எதுவும் கிடையாது. படத்தைப் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்ததைப் பேசுவோம். ஷெரிப் எங்கள் தமிழில் ஏட்டய்யா ஆனார். குதிரை வண்டி திருச்சி பஸ் ஆனது. புழுதி பறக்க வந்து நிற்கும் வண்டியைக் காட்டி, "களமாவூர், மாத்தூர் எல்லாம் நிக்கும், ஏறு ஏறு" என்று சார் கத்துவார். துப்பாக்கியைக் கண்டாலே மயக்கம் போட்டு விழும் ஒல்லி ஹீரோ, அவனைவிடப் புத்திசாலியான குதிரை, உடைவதற்கென்றே செய்த நாற்காலிகள் என்று எல்லாப் படத்திலும் அதே சங்கதிதான். எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. அழுதுகொண்டு உட்கார்ந்தாலும் அந்தப் படங்கள் சிரிக்க வைத்துவிடும்.

அந்தப் படங்களில் பாதிக்கு மேல் ஒரு சவப்பெட்டி செய்கிறவர் வருவார். கறுப்புக் கோட்டு, நீளத் தொப்பி, கையில் டேப். புதிதாக யார் ஊருக்குள் வந்து இறங்கினாலும் முதல் வேலையாக ஓடிப்போய் அளவெடுப்பார். அவர்தான் எங்கள் பெட்டிக்காரர். அவர் வந்தால் சார் உள்ளூர் ஆட்கள் பேரைச் சொல்லி அளப்பார். அதற்கு ஊரில் அப்படி ஒரு கிராக்கி. வாட்ஸப்பில் விண்ணப்பம் வரும். "எங்க மச்சான் சிங்கப்பூர்லேருந்து வந்திருக்காப்ல, ஒரு பெட்டி அளந்து விடுங்க சார்." பிறந்தநாளுக்குக்கூடக் கேட்டார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு கல்யாண மாப்பிள்ளையை அளந்திருக்கிறோம்.

3. சத்தம் போன தெரு

அருளாந்து வீட்டுக்கு மறுநாள் நானும் சாரும் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் மனைவி எங்களை ஒரு வார்த்தை வையவில்லை.

"நீங்க என்ன பண்ணுவீங்க," என்றவர், சாரை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா அளவு எப்புடி சார் சரியா சொன்னீங்க? ஆசாரி அதே அளவுக்குத்தான் பெட்டி செஞ்சாரு. எடது தோளு எறக்கம்னு எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும். சாரத்துலேருந்து விழுந்தது."

வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய பெயர் அது. சார் அந்தக் கொத்தனாரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். "வாய்க்கு வந்துச்சு மல்லிகா, சொன்னேன்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் பழக்கடை ராஜாங்கம். அவர் தானாகக் கேட்டு அளக்கச் சொன்ன மனிதர். படம் ஓடிய அன்று சாயங்காலமே திருச்சி ரோட்டில் பஸ் மோதிப் போய்விட்டார். அந்த அறிவிப்பையும் நான்தான் டைப் செய்தேன். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடித்தேன்.

அதற்கப்புறம் விண்ணப்பம் நின்றது. எதிரே சார் வந்தால் ஆட்கள் ரோட்டைத் தாண்டி அங்கிட்டு நடந்தார்கள். நாங்கள் பெயர் சொல்லும் வழக்கத்தையே விட்டுவிட்டோம். பெட்டிக்காரர் வந்தால் சார் சும்மா அடி, அங்குலம் மட்டும் சொல்வார். அப்படியும் யாரும் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் ஓடும்போது மருந்து வாங்கத் தெருவில் நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு ஆள் வெளியில் இல்லை. எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் என் குரலே கேட்டது, குதிரையாக, கதாநாயகியாக. கறுப்புக் கோட்டு திரையில் வந்திருக்க வேண்டும். முதல் வீட்டில் சத்தம் நின்றது. அடுத்து எதிர்வீடு. அப்படியே தெரு நெடுக ஒவ்வொரு வீடாக வாயடைத்துக்கொண்டு போயிற்று. யாரும் டிவியை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஜன்னல் வழியே அந்தத் தொப்பி மட்டும் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

4. வசந்தா கேட்டது

கொஞ்ச நாள் கழித்து வசந்தா ஆபீசுக்கு வந்தாள். கடைவீதி மளிகைக்கடைக்காரர் மனைவி. புருஷன் சரக்கு எடுக்க மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கிடப்பவர். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் இவள்தான். குறை சொல்ல முடியாத மருமகள்.

"சார், எங்க அத்தை பேரைச் சொல்லுங்க," என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏய் வசந்தா, பைத்தியமா ஒனக்கு? பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டவ, இப்ப கொல்லச் சொல்றியா?"

"அக்கா, நான் கேக்கலை. அவுக கேக்குறாக. நீங்களே வந்து பாருங்க."

போனேன். மறுஞாயிறு அந்த அம்மாளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பேசிய படத்தையே பார்த்தேன். ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தார். முதுகெல்லாம் புண். பேச்சு இல்லை. ஹீரோ குதிரையிலிருந்து விழுந்தபோது மட்டும் தொண்டையில் கொர்ரென்று ஒரு சிரிப்பு வந்தது. பிறகு கறுப்புக் கோட்டு வந்தது. அந்த அம்மாள் மெல்ல மெல்லப் புரண்டு மல்லாந்தார். நல்ல கையால் வராத கையை இழுத்து உடம்போடு சேர்த்தார். காலை நீட்டி, முகவாயை நிமிர்த்தி, அளவுக்கு நிற்கிறவர் மாதிரி நேராகப் படுத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். காட்சி முடிந்து வேறு ஆள் வந்ததும் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

வாசலில் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாராவாரம் இதேதாங்க்கா. பாக்க முடியலை."

"பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

மாமியார் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்? எங்கள் பக்கத்தில் அந்த வயசு மருமகள்கள் இன்னும் சொல்வதில்லை. "எங்க கடை போர்டுல இருக்குல்ல, அதாங்க்கா," என்றாள். போர்டில் பெரியநாயகி ஸ்டோர்ஸ் என்று இருந்தது.

நான் சாரிடம் பார்த்ததையெல்லாம் சொன்னேன், பெயரையும் சொன்னேன். ஆனால் பேசக்கூடாது என்று சண்டை போட்டேன். "அது நம்ம வேலை இல்ல சார். ஆண்டவன் வேலை."

"நம்ம சொல்லி ஒண்ணும் நடக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் என்ன பயம்?" என்றார்.

என் பகுதியைப் பேசிவிட்டுக் கோபமாக வீட்டுக்குப் போய்விட்டேன். மீதியைச் சார் தனியாகப் பேசிப் பதிந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவும் இல்லை, போட்டுப் பார்க்கவும் இல்லை.

5. நிறுத்துங்க

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓனர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆபீசில் நான் மட்டும். படம் பாதி தாண்டியிருந்தது. திரையில், மரவீடுகள் நிற்கும் தெருவில் காற்று புழுதியை உருட்டியது. தூரத்தில் அந்தத் தொப்பி தெரிந்தது. போன் அடித்தது.

"அக்கா! நிறுத்துங்க! படத்தை நிறுத்துங்க!"

வசந்தாவின் குரல். பின்னால் ஒரே சத்தம். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். மகளுக்குக் காலையிலேயே வலி வந்துவிட்டதாம், தலைப்பிரசவம். மாமியாரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு ஓடியிருக்கிறாள்.

"கவுண்டர்ல பேரு கேட்டாங்கக்கா. பாப்பான்னு சொன்னேன். ஆதார்ல என்ன பேருன்னாங்க. எடுத்துப் பாத்தேன். எம் பொண்ணுக்கு அவுக அப்பத்தா பேருதான் வச்சிருக்கு! நான் ஒரு நாளும் அந்தப் பேரைச் சொன்னதில்லையேக்கா, பாப்பா, பாப்பான்னே கூப்பிட்டு மறந்தே போயிட்டேனே! உள்ள கொண்டுபோயிட்டாங்க. ரத்தம் நிக்கலைங்கிறாங்க. நிறுத்துங்கக்கா!"

மானிட்டரில் பெட்டிக்காரர் கேமராவுக்கு நேராக வந்து நின்று, டேப்பை இழுத்தார்.

நான் பகுத்தறிவு பேசுகிறவள். மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒளிபரப்பும்போதுகூட விபூதி வாங்கிக்கொள்ளாதவள். அந்த நொடியில் எதையும் யோசிக்கவில்லை. மவுஸைத் தேடக்கூடப் பொறுமை இல்லாமல் பவர் வயரையே பிடுங்கினேன். சேனல் மொத்தமும் இருண்டது.

ஒரு போன்கூட வரவில்லை. சத்தம் குறைந்தால் வீடேறி வந்து திட்டும் ஊர், படமே போன பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருட்டுத் திரையில் என் முகம் தெரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் தாழ வசந்தா மறுபடி கூப்பிட்டாள். ரத்தம் நின்றுவிட்டது, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று சொல்லி அழுதாள். அப்புறம் வேறு மாதிரி அழுதாள். பக்கத்து வீட்டிலிருந்து அப்போதுதான் சொன்னார்களாம். மாமியார் போய்விட்டார். படம் நின்ற நேரம்தான் இருக்கும். இருண்ட டிவியைப் பார்த்தபடி, கையைக் காலைச் சேர்த்து நீட்டி, நேராகப் படுத்திருந்தாராம்.

அன்று அறிவிப்பை டைப் செய்தபோது பெயரோடு வயது, கணவர் பெயர், தெரு எல்லாவற்றையும் போட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். வெறும் பெயரை மட்டும் ஒருபோதும் ஓட விடாதீர்கள். ஒரே வீட்டில் அதே பெயரில் இன்னொருவர் உயிரோடு இருப்பார்.

6. மறுநாள் கேட்டது

திங்கட்கிழமை காலை கதவைச் சாத்திக்கொண்டு, நான் பிடுங்கிய இடத்திலிருந்து படத்தை ஓட விட்டேன். பெட்டிக்காரர் டேப்பை இழுத்தார். சாரின் குரல் வந்தது, அதே டிரில் மாஸ்டர் குரல்.

"யாரது? ஆவூர் சவரிமுத்துவா? வாய்யா, நேரா நில்லு. ஊரையெல்லாம் அளந்தியே, ஒன்னைய யாரு அளக்குறது? அஞ்சடி ஏழங்குலம்."

பெரியநாயகி என்ற பெயரே அதில் இல்லை.

சாரை வரச் சொல்லிக் கேட்டேன். சாதாரணமாகச் சிரித்தார். "அந்தம்மா பேரைச் சொல்ல மனசு வரலை. என் பேரைச் சொல்லிட்டு நான் சாகாம இருந்தா, ஊருக்கு இந்தப் பயம் போயிரும்ல? அதான். அடுத்த ஞாயித்துக்கெழமை போடுங்க. நாந்தான் கல்லு மாதிரி இருக்கேனே."

நியாயமான பேச்சு. எனக்கே அதுதான் சரி என்று தெரியும். இரண்டு சாவு தற்செயல், மூன்றாவது படுக்கையில் கிடந்த உடம்பு, பிரசவத்தில் ரத்தம் போவது உலகத்தில் நடப்பதுதான். யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். ஓனரும் கேட்டுப் பார்த்துவிட்டார். "போடுங்கக்கா, டிஆர்பி பிச்சுக்கும்."

நான் வேலையை விட்டு நின்ற நாள் வரைக்கும் அந்தப் படத்தைப் போடவில்லை. நின்றபோது அந்தப் பதிவு இருந்த ஹார்ட் டிஸ்க்கை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். சார் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். பார்க்கும்போதெல்லாம், "என்ன மல்லிகா, இன்னும் பயமா?" என்று கேலி செய்கிறார். சரிதான் போங்க சார் என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்வது ரொம்பச் சுலபம், நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய ஒருத்தர் பெயர் அந்தப் பதிவுக்குள் இருக்கும்போது பிளே பட்டனை அமுக்கிவிட்டு வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.