சைக்கிள் ஸ்டாண்டில் எழுதிய பாடத்திட்டம்

முதலிலேயே மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைமேடு போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அச்சுக் கோக்கிறவர் திருத்திக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மைசூரில் ஒரு கல்லூரியில் எனக்கு அட்டெண்டர் வேலை. எங்கள் பூர்வீகம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கௌதள்ளிப் பக்கம். இப்போது அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். படித்த ஐந்து வகுப்பும் தமிழில். கன்னட எழுத்தைப் பஸ் போர்டையும் ஓட்டல் போர்டையும் பார்த்து நானாகப் பழகிக்கொண்டேன். மணி அடிப்பது, ஃபைல் தூக்குவது, மீட்டிங்குக்குக் காபி கொண்டுவருவது, காலையும் மாலையும் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பது, இவைதான் என் வேலை. பரீட்சை முடிந்ததும் விடைத்தாளில் மாணவரின் நம்பர் தெரியாதபடி கறுப்புக் காகிதம் ஒட்டுவதும் நான்தான். பெரியவர்கள் முன்னால் எனக்குப் பேச வராது. "ஊட்ல மட்டும் அந்த வாயி எப்படித்தான் தொறக்குதோ" என்பாள் என் மனைவி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கல்லூரிக்குத் தன் பாடங்களைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். என்று எதைப் படித்தாலும் முதல் வருஷத்தில் எல்லோரும் சேர்ந்து படிக்க ஒரு பொதுப்பாடம் வேண்டும் என்று முடிவாயிற்று. அதைத் தயாரிக்க எட்டுப் பேர் கமிட்டி. ஆங்கிலத் துறை மேடம் அதற்குப் பொறுப்பு. மேடம் வீட்டில் தமிழ் பேசுகிறவர். என்னிடமும் தமிழில்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து விழும்.

மீட்டிங்கில் காபி கொடுத்துக்கொண்டிருந்ததால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பாடத்திட்டம் போடுவது பாகப்பிரிவினை மாதிரி நடந்தது. கெமிஸ்ட்ரிக்காரர் சுற்றுச்சூழலுக்கு ஒரு பங்கு கேட்டார். காமர்ஸ்காரர் பேங்கிங்குக்கு ஒரு பங்கு கேட்டார். சரித்திரத் துறைத் தலைவருக்கு, அவரை நாங்கள் சரித்திர சார் என்போம், இரண்டு பங்கு வேண்டியிருந்தது. எல்லோரிலும் மூத்தவர் அவர். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் பையன்கள் தூண் மறைவில் ஒதுங்குவார்கள்.

மேடம் கேட்டார்: "நம்ம கிட்ட என்ன இருக்குன்னு பாத்து நாம பங்கு போடறோம். பசங்களுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டோமா?"

"கேட்டா பரீட்சையே வேண்டாம்பாங்க," என்றார் சரித்திர சார். அவர் சொன்னது கன்னடத்தில். கல்லூரியில் பேச்செல்லாம் பெரும்பாலும் கன்னடம்தான், நான் தமிழில் எழுதுகிறேன். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் மேடத்துக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் மாணவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பங்கு போட்ட திட்டமே ஒப்புதலுக்குக் கல்லூரிக் கவுன்சிலுக்குப் போகும்.

மறுநாள் மேடம் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து பிரின்ஸிபால் அறை வாசலில் வைக்கச் சொன்னார். என்ன படிக்க ஆசை, எப்படிப் படிக்க ஆசை, சீட்டில் எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம் என்று மேலே ஒட்டியிருந்தது. பத்து நாள் கழித்துத் திறந்தோம். ஒரு பஸ் டிக்கெட், ஒரு கடலை மிட்டாய்க் காகிதம், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று ஒரு சீட்டு. மேடம் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்று என்னைக் கேட்டார். ஏதோ சீட்டுகளை நான்தான் தின்றுவிட்டது போல எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் சைக்கிள் எடுக்க வந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் வருகிற பெண். டோக்கன் கொடுக்கிறவனிடம் பிள்ளைகளுக்குப் பயம் கிடையாது.

"பேர் போடலேன்னா என்ன அண்ணா? எங்க கையெழுத்து லெக்சரருங்களுக்குத் தெரியாதா? இன்டர்னல் மார்க் அவங்க கையில இருக்கே."

எனக்கு அப்போதுதான் புத்தியில் பட்டது. விடைத்தாளில் நம்பரை மறைப்பது எதற்கு? யாருடைய தாள் என்று தெரியாமல் திருத்தத்தானே? அது மாதிரி கையெழுத்தையும் மறைத்துவிட்டால் போயிற்று. நீ சொல்லம்மா, நான் எழுதிப் போட்டுவிடுகிறேன், யார் சொன்னது என்று உயிர் போனாலும் சொல்ல மாட்டேன் என்றேன். என் கையெழுத்தில் நான்கு வரி பார்த்துவிட்டு அவள் சிரியாய்ச் சிரித்தாள். "இது யாரோடதுன்னு கடவுளுக்கும் தெரியாது அண்ணா" என்றாள்.

முதல் நாள் மூன்று சீட்டு. நான்காம் நாள் டோக்கன் ஷெட் முன்னால் வரிசை நின்றது. அதற்கு முன்னும் பின்னும் என் வாழ்நாளில் நான் அவ்வளவு எழுதியதில்லை. மிச்சமான விடைத்தாளை நாலாகக் கிழித்து, பென்சிலைச் சீவிச் சீவி, தெரிந்த கன்னடத்தில் எழுதினேன். எழுத்து ஞாபகம் வராத இடத்தில் தமிழ் எழுத்தைப் போட்டுச் சமாளித்தேன்.

பிள்ளைகள் கேட்டதைக் கேட்டு எனக்கே சந்தோஷமாக இருந்தது. சயின்ஸ் பையன் ஒருவன், ஆற்றுத் தண்ணீர் எங்கள் தெருக்குழாய்க்கு வருவதற்குள் என்னென்ன செய்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றான். பி.ஏ. பெண்கள் இரண்டு பேர், எங்களையும் ஒருநாள் லேபுக்குள் விடுங்கள், மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலாவது பார்க்கிறோம் என்றார்கள். பேப்பரில் வருகிற செய்தியில் எது நிஜம் எது புரளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது, தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு எப்படி எழுதுவது, இப்படி எத்தனையோ. நாலு பேர் முன்னால் நடுங்காமல் பேசச் சொல்லிக்கொடுங்கள் என்று ஒரு பையன் கேட்டான். அதை மட்டும் என் பங்குக்கும் சேர்த்து அழுத்தி எழுதினேன்.

தினமும் காலையில் மேடம் வருவதற்கு முன் சீட்டுகளைப் பெட்டியில் போட்டுவிடுவேன். மேடத்திடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் யார் யார் என்று கேட்பாரோ என்ற பயம் ஒன்று, சொல்ல வாய் வராதது இன்னொன்று. மீட்டிங்கில்தான் திறப்பது என்று வைத்திருந்தாலும், பெட்டி நிரம்புவதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. மீட்டிங் அன்று நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார்.

நான் காபித் தட்டோடு உள்ளே போனபோது சீட்டுகள் மேஜை முழுக்கப் பரப்பியிருந்தன. பறக்காமல் இருக்க ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். மேடம் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். சரித்திர சார் மட்டும் மூன்று சீட்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இன்னும் மூன்றை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், இது நூறு பேர் இல்லை. ஒரே ஆள். ஒரே பென்சில், ஒரே கிறுக்கல். எவனோ ஒரு போக்கிரி உங்களை வெச்சு விளையாடியிருக்கான். இதை நம்பியா நாம பாடம் போடறது?"

ஒருவர் எட்டிப் பார்த்து, அட ஆமாம் என்றார். இன்னொருவர் சிரித்துவிட்டார். மேடம் சீட்டுகளைப் பார்த்தார். அவர் கை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. ஒவ்வொருவர் கையெழுத்தையும் மறைக்கப் போய் எல்லோரையும் ஒரே ஆளாக்கிவிட்டேன்.

சரித்திர சார் சீட்டுகளைக் கூட்டி ஓரமாகத் தள்ளினார். நான் தட்டைக் கீழே வைத்தேன். அன்று எப்படி வாய் திறந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

"சார், கையெழுத்து என்னுது. பேச்சு என்னுது இல்லை."

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மேடம், "நீயாப்பா?" என்று தமிழில் கேட்டார். விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னேன்.

"யார் யார் சொன்னது? பேர் சொல்லு," என்றார் சரித்திர சார்.

"பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துத்தான் சார் எழுதினேன்."

அவர் ஒரு சீட்டை உருவிப் படித்தார். வகுப்பு முழுக்க நோட்ஸ் சொல்லி எழுதவைக்கிறார், கை வலிக்கிறது, அதையே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் கேள்வி கேட்கலாமே. "இது யாரோ ஒருத்தன் சொன்னதா?"

"அது நிறையப் பேர் சொன்னது சார். நான்தான் ஒரு தடவை மட்டும் எழுதினேன்."

"யார் கிளாஸைப் பத்தி?"

நான் தரையைப் பார்த்தேன். கெமிஸ்ட்ரிக்காரர் காபி டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு இருமினார்.

"என் கிளாஸா?"

"ஆமா சார்."

திட்டு விழும் என்று நின்றேன். சரித்திர சார் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, சாயங்காலம் நானே ஸ்டாண்டுக்கு வருகிறேன், என் காதால் கேட்டால்தான் நம்புவேன் என்றார். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கக் கூடாது சார் என்றேன். எனக்கே நிபந்தனை போடுகிறாயா என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

நாலு மணிக்குச் சொன்னபடி வந்தார். டோக்கன் ஷெட் என்பது மூன்று பக்கம் தகரம், ஒரு ஸ்டூல், ஒரு காற்றடிக்கும் பம்பு. அந்த ஸ்டூலை மூலைக்குத் தள்ளி, வெளியே தெரியாதபடி தகரத்தைப் பார்த்து உட்கார்ந்தார். பிள்ளைகளை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு உறுத்தல்தான். ஆனால் மேடத்தின் முகம் கண்ணிலேயே நின்றது.

முதலில் வந்தவன் ஒரு பி.காம். பையன். வழக்கம்போலப் பேச ஆரம்பித்தான். "அண்ணா, எழுதிக்கோ. எங்க தாத்தா கொள்ளேகால்ல பட்டு நெய்யறவர். அவர் மாதிரி ஆளுங்களைப் பத்தி ஹிஸ்டரியில ஒரு வரியும் இல்ல. ராஜாக்களை மட்டும் எவ்ளோ நாள் படிக்கறது? எங்க வீட்டையும் சரித்திரத்துல சேக்கச் சொல்லு."

நான் எழுதிக்கொண்டிருந்தபோது ஷெட்டுக்குள் பலமாக ஒரு தும்மல்.

பையன் பின்னால் நகர்ந்தான். "யாரது அண்ணா உள்ள?"

சரித்திர சாரே தலை குனிந்து, தகரத்தில் இடித்துக்கொண்டு வெளியே வந்தார். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் சைக்கிள்களுக்குள் புகுந்துகொண்டார்கள். அந்த நஞ்சன்கூட்டுப் பெண் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

சரித்திர சார் என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டார். ஓடப் போன பையனைப் பார்த்துச் சொன்னார்:

"ஓடாதேப்பா. மூஞ்சியைக் காட்ட வேண்டாம். அந்த மரத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கோ. தாத்தா தறியைப் பத்தி மறுபடியும் சொல்லு. இந்த ஆள் கையெழுத்து எனக்குப் புரியலே, நானே எழுதிக்கிறேன்."

பையன் திரும்பி நின்றான். பிறகு தாத்தாவின் தறியைப் பற்றி, சாயம் போட்ட கையைப் பற்றி, மரத்திடம் சொல்வது போலச் சொன்னான். சார் தலை நிமிராமல் எழுதினார். அவன் முடித்ததும் அந்த நஞ்சன்கூட்டுப் பெண் வந்தாள். சாருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "நோட்ஸ் விஷயம் நான் சொன்னதுதான்" என்றாள். "கைவலி எப்படி இருக்கு?" என்று கேட்டார் சார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் வரிசையாக வந்தார்கள், எல்லோரும் சாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பாதிப் பேருக்குப் பிறகு யாரும் மரத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கவில்லை. நான் டோக்கன்களை வாங்கிக்கொண்டு சைக்கிள்களை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த மீட்டிங்கில் தன் இரண்டு பங்கு வேண்டாம் என்று முதலில் சொன்னது சரித்திர சார். முதல் பாடம் மாணவர் தன் வீட்டையும் தெருவையும் விசாரித்து எழுதுவது என்று வைத்தார்கள். குழாய்த் தண்ணீர் வந்தது, வெங்காயத் தோல் வந்தது, மனு எழுதுவது வந்தது, நாலு பேர் முன்னால் பேசுவது வந்தது. கவுன்சில் அதை ஏற்றுக்கொண்டது. அந்த வருஷம் முதல் வகுப்புக்கு சரித்திர சார் நோட்ஸ் இல்லாமல் வெறுங்கையோடு போனார். நான் மணி அடிக்க மறந்து வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே சத்தம். எல்லாம் பிள்ளைகளுடைய சத்தம்.

எழுதி முடித்தது: 1999 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, மைசூர்.