கடலுக்குக் கொண்டுபோன உப்பு

கடலுக்கே உப்பு கொண்டுபோன பெருமை எங்கள் அம்மாவையே சேரும். அப்போது நான் நான்காம் வகுப்பு. கருமத்தம்பட்டியில் தறிகளை நிறுத்திவிட்டு, மண்டபம் பக்கம் ஒரு பாதுகாக்கப்பட்ட தீவைப் பார்க்க அப்பா அனுமதி வாங்கியிருந்தார். அங்கே பவளப்பாறையும் கடல் அட்டையும் உண்டு என்றார். அம்மாவின் காதில் அட்டை மட்டும்தான் விழுந்தது. வால்பாறையில் அட்டை ஏறி அவள் பட்ட பாடு அப்படி. ஒரு டிபன் டப்பா நிறைய உப்பை அடைத்துக்கொண்டாள்.

தீவைச் சுற்றிக்காட்ட வந்த காவலர் ஒரு மீனவப் பெண். அக்கா என்றே கூப்பிட்டோம். அம்மா அவரிடம், "ஏனுங்க, அட்டை காலுல ஏறுமுங்களா? உப்பு வெச்சா உட்டுப்போடுமுங்களா?" என்று கேட்டாள்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முழங்கால் தண்ணீரில் வெள்ளரிப் பிஞ்சு போலக் கிடந்த ஒன்றைக் காட்டினார். "இது யாரையும் கடிக்காது. மண்ணைத் தின்னு கடலைச் சுத்தம் பண்ணும். தொட்டுராதீக, எடுத்தா ஜெயிலுதான்."

கடிக்காத அட்டை! வகுப்பில் காட்டினால் என் மதிப்பு எங்கேயோ போய்விடும். பெரியவர்கள் பவளம் பார்த்துக்கொண்டிருந்தபோது உப்பைக் கொட்டிவிட்டு, விரல் நீளத்தில் ஒன்றைத் தண்ணீரோடு டப்பாவில் பிடித்து அப்பாவின் பைக்குள் வைத்தேன்.

படகேறும் இடத்தில் பையைச் சோதித்ததும் அதே அக்காதான். மூடியைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார். பின்னால் நின்ற அதிகாரி, "டப்பாவுல என்னம்மா?" என்றார்.

"உப்பு சார். அட்டைக்குப் பயந்து கோயமுத்தூர்லேர்ந்து கொண்டாந்திருக்காக."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். "ஈரமாயிருச்சு, அலசித் தாரேன்" என்று அக்கா தண்ணீரில் இறங்கிக் குனிந்து, டப்பாவை மெல்லச் சாய்த்தார்.

ஊர் வரும்வரை நான் உர்ரென்று இருந்தேன். பசி என்று நினைத்து அப்பா முறுக்கு வாங்கித் தந்தார். எனக்கோ, என் அட்டையைப் பறித்துக்கொண்டாரே என்று அக்கா மேல் ஆத்திரம்.

இப்போது கடல் அட்டையோடு யாராவது பிடிபட்டதாகச் செய்தி வந்தால், ஒன்றும் தெரியாமல் சிரித்த அப்பாவின் முகம்தான் ஞாபகம் வருகிறது. அந்தப் பொய் வெளியே தெரிந்திருந்தால் அக்காவின் வேலை போயிருக்கும். ஆனாலும் அட்டையையும் அப்பாவையும் அவரவர் வீட்டுக்குப் பத்திரமாக அனுப்பிவைத்தார். நன்றி சொல்ல அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

படகு கிளம்பியபோது அவர் எனக்குக் கை காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.