சுற்றாத குமிழ்

மணப்பெண் அறையில் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் அது சட்டென்று கண்ணில் பட்டது: கமராவின் இடப்பக்கக் குமிழ் சுற்றவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. முன்பு பக்கத்து ஊர் நாலந்தாவுக்குப் பயணம் போனபோது, என் சின்னம்மா முறையான சாச்சி அடுத்த படத்துக்காக வலப்பக்க லீவரை இழுக்கும்போதெல்லாம் இடப்பக்கக் குமிழ் தானாகத் திரும்பும். அதன்மேல் விரலை வைத்திருப்பதுதான் என் வேலை. அன்றைக்கு அது அசையவே இல்லை.

“சாச்சி, இந்தப் பக்கம் சுத்துதில்ல.”

“கைய எடு புள்ள. நம்பர் ஓடுது தானே?”

எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டும் நம்பர் ஓடத்தான் செய்தது.

பல்லேபொலயில் எங்கள் வீட்டில், என் அக்கா ராத்தாவின் கலியாணம். ஆண்கள் பக்கத்துக்கு டவுனிலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார். பெண்கள் அறைக்குள் அவர் வரமுடியாது. முக்காடில்லாமல் பூவும் நகையுமாக இருப்பவர்களை எடுக்கச் சாச்சிதான். ராத்தாவின் மணக்கோலம் விழப்போவது அந்த ஒரு கமராவில் மட்டும். கலியாணத்துக்கு முந்தின நாள் பின்னேரம் பிலிம் போட்டபோது சாச்சியின் விரல் நுனியெல்லாம் ஈர மருதோண்டி. பிலிமின் நாக்கை விரல் முட்டியால் சுருளின் பிளவுக்குள் தள்ளினார். கமராவின் பல்லில் பிலிமின் துளை மாட்டியதா என்று பார்க்கவில்லை. மூடிவிட்டார்.

முப்பத்தாறோடு நிற்கவேண்டிய ரோல் நிற்கவில்லை. முப்பத்தேழு. முப்பத்தெட்டு.

“பரக்கத்து!” என்று மாமி கத்தினார். “பரக்கத்து என்டா இதுதான்! எடுக்க எடுக்கக் குறையுதில்ல!”

அறையே உற்சாகமாகிவிட்டது. வெட்கப்பட்டு ஒதுங்கியவர்கள், குசினிக்குள் ஒளிந்தவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். கமராவைக் கண்டால் ஓடுகிற உம்மாகூட ராத்தாவின் தோளில் கைவைத்து நின்றார். நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். யாரோ ஒரு இனிப்புத் தொதல் துண்டை அதற்குள் வைத்தார்கள்.

ரோலைத் திருப்பிச் சுற்றியபோது இரண்டு சுற்றிலேயே லேசாகிவிட்டது. அதையும் பரக்கத்தோடு சேர்த்துக்கொண்டோம். பெண் ஒருவரே பிலிம் கழுவும் ஸ்டூடியோவாக விசாரித்து அறிந்து, சாச்சி கண்டிக்கு பஸ் ஏறினார். திரும்பி வந்தவர் உம்மாவின் மடியில் விழுந்து அழுதார். பிலிம் முழுக்க வெறுமை. ஒரு முகமும் இல்லை.

ராத்தா ஏசவில்லை. ஆண்கள் பக்கத்து ஆல்பம் வந்ததும் புரட்டினார். புரியாணி சாப்பிடும் மாமாமார், மாப்பிள்ளை மச்சான், மச்சானுடைய சாச்சாமார். மெதுவாக மூடி அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டார். இவ்வளவு வடிவான ஆல்பத்தை ஏன் ஒருவருக்கும் காட்டுகிறாரில்லை என்று எனக்குக் கோபம். அதில் ராத்தா இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த நம்பர் எண்ணியது பிலிமை அல்ல, லீவரை இழுத்த சாச்சியின் பெருவிரலை என்பதும் வளர்ந்த பிறகு, போன வருசம்தான் புரிந்தது. கமரா இப்போது என்னிடம். ஒரு ரோலைப் பாழாக்கிப் பழகிவிட்டேன்: நாக்கை நுழை, துளைகள் பல்லில் மாட்டட்டும், மூடு, இடப்பக்கத் தளர்வை இறுக்கு, பிறகு லீவரை இழுத்துக் குமிழைப் பார்.

நாளைக்குப் பெருநாள். ராத்தா கலியாணச் சேலையை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்.

“ப்ளவுஸ் பத்தாதே புள்ள.”

“முதுகுப் பக்கம் பின் குத்துவம் ராத்தா. முன்னுக்குத் தானே எடுக்கிற.”

உம்மாவும் படத்துக்கு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். சாச்சி மட்டும் கமரா இருக்கும் பக்கமே வருகிறாரில்லை. அவரையும் பிடித்து நிறுத்தவேண்டும். வீடு முழுக்க மருதோண்டி வாசம். மருதோண்டி போட என் கையையும் நீட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். முதலில் அந்தக் குமிழ் சுற்றட்டும்.