பதினோராவது வேலை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்த்தபோது, யார் என்ன வேலை சொன்னாலும் மறந்துவிடுவேனோ என்று பயம். அதனால் வேலைக்கு ஒன்றாகக் கழிவு நூலை எடுத்து விரலில் கட்டிக்கொள்வேன். முடித்ததும் அவிழ்ப்பேன்.

அன்று கல்கத்தா சரக்கு மதிய ரயிலுக்குப் போக வேண்டும். பத்து விரலிலும் நூல். காதர்பேட்டைக்குப் போகிற வழியில் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏனுங்க, உங்க கம்பெனித் தையல்ல இருக்கிற சரசுகிட்டச் சொல்லிப்போடுங்க. மங்கலத்துல அவங்கப்பனுக்கு ரொம்ப முடியலீங்க. உடனே வரச் சொன்னாங்க."

"சரிங்க" என்றேன். கட்டுவதற்கு விரல் இல்லை. ஒரு வாய் வார்த்தைதானே, சரக்கை ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

சாயங்காலம் கடைசி நூலை அவிழ்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். சரசு ஊர் போய்ச் சேர்வதற்குள் அப்பா கண்ணை மூடிவிட்டார்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவள் கேட்டாள். "ஏனுங்கண்ணா, அந்த ஆளு எப்பங்க வந்தாரு? அப்பா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தாருங்களாமா."

"சாயங்காலந்தான் கண்ணு வந்தாரு" என்றேன்.

நம்பிவிட்டாள். அந்த சைக்கிள்காரரை என்றாவது எங்கேயாவது பார்த்துவிடுவாளோ என்று எனக்குத்தான் இன்னும் பயம்.

இப்போதும் நூல்தான் கட்டுகிறேன். ஒரு விரலை மட்டும் வெறுமனே விட்டுவிடுகிறேன். நாள் முழுக்க அந்த விரலைத்தான் தடவிக்கொண்டிருக்கிறேன்.